தம்பியின் பெயரை வெட்டச் சொல்கிறார்கள், நான் என்ன செய்வது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தமிழ்க் கட்சியின் பிரதேச சபை உறுப்பினராக இருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். மாகாண சபைத் தேர்தல் வந்தால் போடுவதற்கு ஒரு உத்தேசப் பட்டியல் தயாரித்தோம். அதில் எங்கள் இளைஞர் அணியைச் சேர்ந்த ஒரு தம்பியின் பெயரும் இருக்கிறது. போன மாதம் கோயில் பரிபாலன சபைத் தலைவர், பக்கத்து ஊர்ச் சபையின் போதகர், எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு பேர் எல்லோரும் ஒன்றாக என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தத் தம்பிக்கு ஆண்களோடு தொடர்பு இருக்கிறதாம். பெயரை எடுக்காவிட்டால் விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிடுவார்களாம், கோயில் வளவிலோ தேவாலய மண்டபத்திலோ கட்சிக்கு இனிமேல் இடமில்லையாம். ஒருவருடைய போனில் வட்ஸ்அப் உரையாடலின் படம் இருந்தது, காட்ட வந்தார், நான் பார்க்கவில்லை. என் மதம் இதைப் பாவம் என்கிறது, நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் வெள்ளம் வந்த நேரம் இடுப்பளவு தண்ணீரில் சமைத்த பார்சல் சுமந்தது அந்தத் தம்பிதான். சட்டம் என்ன சொல்கிறது? அவரைப் போட்டால் கட்சிக்குச் சிக்கல் வருமா? "இந்த முறை ஒதுங்கி இரு தம்பி" என்று அவருடைய நன்மைக்காகவே நான் பக்குவமாகச் சொல்லலாமா? பாதரிடம் பேசலாமா?

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் ஊர், கட்சி, சபை எல்லாவற்றின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் படத்தைப் பார்க்காமல் விட்டது நல்ல வேலை. நாளைக்கு யாராவது வந்து "நீங்களும் பார்த்தீர்கள்தானே" என்று கேட்டால், இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். இனிமேலும் பார்க்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன், வந்தவர்கள் அதைக் காட்டியும் பயமுறுத்தியிருப்பார்கள். நம் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதன் 365ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உடலுறவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. "பாரதூரமான அநாகரிகச் செயல்" பற்றிய 365அ பிரிவின் தண்டனை இரண்டு ஆண்டு வரை. 365அ முதலில் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது, 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இந்தப் பிரிவுகள் இன்றைக்கும் இருக்கின்றன, அதை உங்களிடம் மறைக்க முடியாது.

ஆனால் அவை தண்டிப்பது ஒரு செயலை. ஒருவர் தன்பாலீர்ப்பு உடையவராக இருப்பது இலங்கையில் குற்றமே இல்லை. யாரோ யாருக்கோ அனுப்பிய அன்பு வார்த்தை அந்தச் செயலாகிவிடாது. செயல் நடந்து, பிடிபட்டு, வழக்காகி, உயர் நீதிமன்றம் வரை போன ஒரு விஷயத்திலேயே நீதிபதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2016இல் குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் நடந்துகொள்வதை அரசு கண்காணிக்கத் தேவையில்லை என்பதே இக்காலத்துச் சிந்தனை என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். பிறகு 2023இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அந்த முடிவைச் சபாநாயகர் அந்த ஆண்டு மே மாதம் சபையில் வாசித்தார். சாதாரணப் பெரும்பான்மை போதும், கையைத் தூக்கினால் முடிந்திருக்கும். வாக்கெடுப்புக்கே எடுக்காமல் 2024இல் நாடாளுமன்றம் கலைந்தது. நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்ட பிறகும் கட்சிகள் உள்ளே போகப் பயந்தன என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அதே பயம்தான் கொழும்பிலும்.

கட்சிக்குச் சட்டச் சிக்கல் வருமா என்றால், வராது. ஒருவர் வேட்பாளராக முடியாமல் போவதற்கு நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டு சிறைத் தண்டனை கொடுப்பது போன்ற காரணங்கள் வேண்டும். ஊர்க் கதை அந்தக் கணக்கில் வராது. "நீ யாரை விரும்புகிறாய்" என்று எந்த வேட்புமனுப் படிவமும் கேட்பதில்லை.

சட்டப்படி யோசிக்க வேண்டியவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டி, அவருக்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதை அதே தண்டனைச் சட்டக்கோவையின் 483ஆம் பிரிவு குற்றமுறையான மிரட்டல் என்கிறது. யாருடைய நலனில் உங்களுக்கு அக்கறையோ அவருடைய பெயரைக் கெடுப்பதாக உங்களை மிரட்டினாலும் அந்தப் பிரிவுக்குள் வரலாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத்தை இணையத்தில் போடுவது 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் பேச்சுரிமையை நசுக்குகின்றன என்று நானும் எதிர்க்கிறேன், இருந்தாலும் இது அதற்குள் இருக்கிறது.

அதற்காக உடனே பொலிசுக்கு ஓட வேண்டாம். முறைப்பாட்டில் அந்தத் தம்பியின் பெயர் வரும், அடுத்த கேள்வி 365அ பற்றியதாக இருக்கும். நம்முடைய மாவட்டங்களில் ஒருவருடைய இரகசியம் சீருடைக்காரர் கைக்குப் போனால் அது எதற்கெல்லாம் பயன்படும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய இயக்கத் தொடர்பு என்று ஒரு சொல்லை வைத்தே எத்தனை பேரை ஆண்டுக்கணக்கில் அலையவைத்தார்கள். முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பதை அவர் மட்டும்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, இனி அரசியலுக்கு வருகிறேன்.

வடக்கு மாகாண சபைக்கு 2013இல் ஒரே ஒருமுறைதான் தேர்தல் நடந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு எல்லோரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த 2013 கணக்கில் முல்லைத்தீவுக்கு ஐந்து ஆசனம். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி ஒரு பட்டியலில் எட்டுப் பேரைப் போடலாம். யார் உள்ளே போவார் என்பதை விருப்பு வாக்குதான் முடிவுசெய்யும். பழைய முறையிலேயே தேர்தல் வந்தால், அந்தத் தம்பியின் முதல் போட்டியாளர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, அதே பட்டியலில் இருக்கும் மற்ற ஏழு பேரும், அந்தப் பட்டியலுக்குள் வர முடியாமல் வெளியே நிற்பவர்களும்தான். இரண்டு பேருக்கு இடையில் நடந்த உரையாடல் ஒரு கோயில் தலைவரின் கைக்கு எப்படிப் போனது? அவரே தேடிப் பிடித்திருக்க மாட்டார், யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். இப்படி வந்த பல மிரட்டல்களில், சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு பதவிக் கணக்கு இருந்ததை என் சட்டத்தரணித் தொழிலில் பார்த்திருக்கிறேன். வந்த நால்வரில் சிலர் உண்மையாகவே நம்பி வந்திருக்கலாம். அவர்களையும் யாரோ பயன்படுத்தியிருக்கலாம்.

அவர்கள் சொன்ன தண்டனை சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் தகரக் கொட்டிலில் சனம் இருந்தபோதே கோயிலையும் தேவாலயத்தையும்தான் முதலில் நிமிர்த்தினோம். வெளிநாட்டுக் காசு வந்ததும் அங்கேதான், சனம் கூடுவதும் அங்கேதான். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் தாய்மார் குந்தியதுகூட கந்தசுவாமி கோயில் வாசலில்தான். வன்னியில் ஒரு கட்சிக்குக் கோயில் வளவு இல்லையென்றால் கூட்டம் வைக்க வயல்வெளிதான் மிச்சம். ஆகவே பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பயந்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

கோயில் வாசலில் நின்று யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்வது நம் அரசியலில் புதிதல்ல. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையப் போனபோது குறுக்கே நின்றவர்களின் முன்வரிசையில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். நம் வவுனியாத் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், படித்த மனிதர், கணிதப் பேராசிரியர். சமயம், பாரம்பரியம், ஆகமம் என்றுதான் அவரும் பேசினார். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கு வந்தது, அது பிரிவி கவுன்சில் வரை போனது. அன்றைக்கும் தமிழ்க் கட்சிகளுக்குள், உள்ளே விடுவது நியாயம் என்று தெரிந்தும் வாக்குப் போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இன்று யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அதே காலத்தில் சைவர்கள் பெரும்பான்மையான காங்கேசன்துறை, கிறிஸ்தவரான தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தை 1956இலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பியது என்பதையும் சேர்த்து நினையுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த நால்வரும் அந்த மனிதரின் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.

தெற்கிலும் இது நடந்தது. 2018 நவம்பரில், ஆட்சிக் குழப்பத்தின் நடுவில், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மேடையில் ஏறி ரணில் விக்கிரமசிங்கவையும் அவருடைய வட்டத்தையும் வண்ணத்துப்பூச்சிகள் என்றார். சிங்களத்தில் அது தன்பாலீர்ப்பு ஆண்களைக் கேலி செய்யும் சொல். நாட்டின் அரசியலமைப்பே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் சனத்தைத் திசைதிருப்ப அவர் கையில் எடுத்தது அதைத்தான். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பேன் என்று மங்கள சமரவீர பதில் சொன்னார். மாத்தறையின் பௌத்த வாக்காளர்கள் பல தடவை தெரிவுசெய்த மனிதர் அவர். 2015இல் போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறல் பற்றிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை கொடுத்தபோது வெளிநாட்டமைச்சராக இருந்தவரும் அவர்தான். அந்தத் தீர்மானம் நமக்கு எவ்வளவு தந்தது என்பதில் எனக்கும் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனால் அவர் யாரை விரும்பினார் என்று பார்த்து அவரை முன்பே வெட்டியிருந்தால், நம் தாய்மாரின் கதையைக் கொஞ்சமாவது கேட்ட ஒருவரும் அந்தக் கதிரையில் இருந்திருக்க மாட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மணல் ஏற்றி ஆற்றைத் தோண்டியவன், கசிப்புக் காய்ச்சுகிறவனுக்குப் பின்னால் நிற்பவன், வட்டிக்கு விட்டு விதவைகளின் நகையைப் பிடுங்கியவன், மனைவியை அடித்து ஆசுபத்திரிக்கு அனுப்பியவன், இப்படி யாராவது ஒருவரின் பெயரை வெட்டச் சொல்லி இந்த நால்வரும் எப்போதாவது ஒன்றாக யார் வீட்டுக்காவது போயிருக்கிறார்களா? இதை நீங்கள் அவர்களிடமே கேட்கலாம். கோபமாக வேண்டாம், பதிலைத் தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேளுங்கள்.

இனி உங்கள் விசுவாசம். நீங்கள் இதைப் பாவம் என்று நம்புகிறீர்கள். எனக்காகவோ கட்சிக்காகவோ அந்த நம்பிக்கையை மாற்றிக்கொண்டதுபோல நடிக்க வேண்டாம். மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. நாளைக்குக் கட்சிக்குள் 365ஐ நீக்குவது பற்றி விவாதம் வந்தால், எழுந்து நின்று எதிர்த்துப் பேசலாம், அது உங்கள் உரிமை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்களுக்கு எதிராக வாக்களிப்பேன். அந்தப் பிரிவுகள் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் இருவரும் ஒரே கட்சியில் இருக்கலாம். ஒரு சட்டத்தைப் பற்றிய கருத்து வேறு, ஒரு பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உங்கள் திருச்சபை சொல்வதையும் முழுதாகப் பாருங்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அந்த உறவை ஏற்கவில்லை, உண்மை. அதே நூலின் 2358ஆம் பத்தி இப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது, அநியாயமாகப் பாகுபாடு காட்டும் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில், இது குற்றமல்ல, குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை என்று வெளிப்படையாகவே சொன்னார். பாவம் என்ற போதனையை அவர் கைவிடவில்லை, இருந்தும் அப்படிச் சொன்னார். நம் நாட்டில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை இந்த விஷயத்தில் கடுமையாகப் பேசுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே சபைக்குள்ளேயே தொனி இவ்வளவு வேறுபடும்போது, உங்கள் பங்கிலிருந்து வந்த இருவர் திருச்சபையின் ஒரே குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயில் தலைவரைப் பொறுத்தவரை, சைவத்தில் எல்லோருக்கும் சேர்த்து இது பாவம் என்று தீர்ப்புச் சொல்லும் பீடம் ஒன்று கிடையாது. அவர் சொல்வது அவருடைய கருத்து.

"இந்த முறை ஒதுங்கி இரு தம்பி" என்று பக்குவமாகச் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லாதீர்கள் அக்கா. நீங்கள் அன்பாகத்தான் சொல்வீர்கள். ஆனால் அவருக்குக் கேட்பது, "உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், அவர்கள் பக்கமே சரி" என்பதாகத்தான் இருக்கும். அதோடு நிற்கவும் போவதில்லை. ஒருமுறை மிரட்டிப் பலித்தால் அந்தப் படம் அழிக்கப்படாது, பத்திரமாக வைக்கப்படும். அடுத்து இளைஞர் அணிப் பொறுப்பை விடச் சொல்வார்கள், பிறகு வேலையை, பிறகு காசு கேட்பார்கள். உங்களிடமும் வருவார்கள், ஒருமுறை பணிந்தவர் என்று தெரிந்துவிட்டதே.

இன்னொரு தவறையும் செய்யாதீர்கள், நல்லவர்கள்தான் அதைச் செய்வார்கள். கட்சிக் கூட்டத்தில் எழுந்து "அவர் அப்படி இருந்தால் என்ன?" என்று அவருக்காகப் பேசுவது. நியாயமான பேச்சுத்தான், ஆனால் அந்த ஒரு வசனத்தோடு ஊர் முழுக்கச் செய்தி போய்விடும். அவருடைய அம்மாவுக்குத் தெரியுமா, தங்கையின் கலியாணப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது, எதுவும் நமக்குத் தெரியாது. கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரு பொது விதி: நம் கட்சி எந்த வேட்பாளரின் அந்தரங்கத்தையும் விசாரிக்காது, அது பற்றி வரும் எந்தப் படத்தையும் குரல்பதிவையும் கட்சியில் யாரும் பார்க்கவோ பகிரவோ கூடாது, மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. இதை அவர் பெயரைச் சொல்லாமல், எல்லோருக்கும் சேர்த்து, எழுத்தில் கொண்டுவாருங்கள். பெண் வேட்பாளர்களுக்கும் இந்த விதி தேவை என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அது உண்மையும்தானே. ஒரு பெண் அரசியலுக்கு வந்தால் அவளைப் பற்றிக் கட்டும் கதைகளை நீங்களே தாண்டித்தான் வந்திருப்பீர்கள்.

ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அவரைச் சந்திக்க வேண்டும். போனில் வேண்டாம், வட்ஸ்அப்பில் ஒரு சொல்லும் வேண்டாம். நேரில், வேறு ஆட்கள் இல்லாத இடத்தில். "நீ அப்படியா" என்று கேட்க வேண்டாம், அது உங்களுக்குத் தேவையில்லாத தகவல். "சிலர் வந்து உன்னைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள், படம் ஒன்று வைத்திருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை, உன் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. உனக்கு என்ன விருப்பம்?" இவ்வளவு போதும். யார் யார் வந்தார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. எல்லாம் கேட்ட பிறகு போட்டியிட வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தால் மதியுங்கள், அது அவருடைய முடிவு. ஆனால் ஒரு இரவாவது யோசிக்கச் சொல்லுங்கள். அந்த இரவு அவர் தனியே இருக்கக்கூடாது, நம்பிக்கையான ஒரு நண்பர் கூட இருக்கட்டும். மனம் மிகவும் உடைந்துபோனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. என்னிடம் வர விரும்பினாலும் வரட்டும், கட்டணம் பேசத் தேவையில்லை.

வந்தவர்கள் என்றைக்கு வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் ஒரு கொப்பியில் எழுதித் திகதி போட்டு வையுங்கள். இனி வந்தால் தனியே சந்திக்காதீர்கள், கட்சியில் நீங்கள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். படத்தை வெளியே விட்டால் சட்ட நடவடிக்கை எடுக்க முடியும், ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு அடங்கும். அடங்காமல் படம் வெளியே வந்துவிட்டால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.

பாதரிடம் போகலாம், போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். உங்கள் பங்கின் இருவர் திருச்சபையின் பெயரைப் பாவித்து ஒருவரை மிரட்டியிருக்கிறார்கள், அது பங்குத்தந்தைக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் அந்தத் தம்பியின் பெயரை அவரிடம் சொல்லாதீர்கள், அடையாளம் தெரியும்படி எதையும் சொல்லாதீர்கள். அறைவீட்டில் வைத்து நீங்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் இல்லை. பாதர் நல்லவராகவே இருக்கட்டும், பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒருவருடைய இரகசியத்தை வைத்து அவரை மிரட்டுவது பாவமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பாவம்தான் என்று அவர் சொன்னால், வரும் ஞாயிறு பூசையில் பொதுவாக, யாரையும் சுட்டாமல், அதைப் பற்றிப் பிரசங்கம் வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.